ஸ்கேனுக்கு முன் தோளைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் தோள்பட்டை வலி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பற்றி விரிவாக இருந்தது. கையால் பரிசோதிப்பது பற்றி ஒரே ஒரு வரிதான். விட்டுப்போனதைச் சொல்லவே இந்தக் கடிதம்.

கரூரில் இயன்முறை சிகிச்சையாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தறி, தையல், பஸ் பாடி கட்டும் பட்டறை என்று கைகளை நம்பியே பிழைக்கிற ஊர் இது. தோள்வலி என்று வருகிறவர்களில் பலர் ஸ்கேன் கவரோடுதான் வருவார்கள். "டாக்டர் கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாரா?" என்று கேட்டால், "இல்லீங்க, ரிப்போர்ட்டைத்தான் பார்த்தாருங்க" என்பார்கள். இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு வருத்தம்தான் மிச்சம்.

சட்டையைக் கழற்றாமல் தோளைப் பரிசோதிக்க முடியாது. நோயாளிக்குப் பின்னால் நின்று இரண்டு பக்கத்தையும் ஒப்பிட வேண்டும். தோள்பட்டை எலும்பின் மேட்டுக்கு மேலும் கீழும் சதை வற்றிப் பள்ளம் விழுந்திருந்தால், தசைநார் கிழிந்திருக்கலாம் அல்லது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்புறம் கழுத்து. கழுத்தைத் திருப்பும்போது வலி முழங்கையைத் தாண்டி விரல் வரை ஓடினால், கோளாறு தோளில் இல்லாமல் கழுத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அடுத்தது, நோயாளியே கையைப் பக்கவாட்டில் தூக்க வேண்டும். சுமார் 60 டிகிரியில் வலி தொடங்கி, 120 டிகிரியைத் தாண்டியதும் விட்டுவிட்டால், தோளின் மேல் எலும்புக்கு அடியில் போகிற தசைநார் உரசுகிறது என்று சந்தேகப்படலாம். கையைத் தூக்கவே முடியவில்லை என்றால், இப்போது நாம் தூக்கிப் பார்க்க வேண்டும். அவரால் முடியாதது நம் கைக்கு முடிகிறதா என்பதுதான் கேள்வி. சுவருக்கு பெயிண்ட் அடிக்கும் ஒருவர், கை இடுப்புக்கு மேல் வரவில்லை என்று வந்தார். நான் பிடித்துத் தூக்கினால் தலைக்கு மேல் வரை போனது. விட்டதும் தொப்பென்று விழுந்தது. மூட்டு நன்றாக இருக்கிறது, தூக்குகிற தசைநார்தான் அறுந்திருக்கிறது. அவருக்கு ஸ்கேன் அவசியம், நானே எழுதி அனுப்பினேன்.

எல்லாவற்றிலும் முக்கியமாக நான் நினைப்பது இன்னொன்று. முழங்கையை விலாவோடு ஒட்டி, 90 டிகிரி மடக்கி, முன்கையை மெதுவாக வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு கையையும் இப்படிப் பார்க்க அரை நிமிடம் போதும். தையல் வேலை செய்யும் ஓர் அம்மா, ஐம்பதை ஒட்டிய வயது, 'தசைநாரில் பாதிக் கிழிசல்' என்ற ரிப்போர்ட்டோடு வந்தார். தலை வாரவும் ஜாக்கெட் கொக்கி மாட்டவும் முடியவில்லை என்றார். வலது முன்கை நன்றாகத் திரும்பியது. இடது கையை நானே திருப்பினாலும் பூட்டுப் போட்டதுபோல் நின்றுவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பும் மூட்டும் சரியாக இருந்தன. ஆக, அது 'ஃப்ரோசன் ஷோல்டர்', மூட்டைச் சுற்றியுள்ள உறை இறுகிப்போன நிலை. சர்க்கரை நோயாளிகளிடம் இது அதிகம் என்பதால் ரத்தப் பரிசோதனை செய்துவரச் சொன்னேன். சர்க்கரை ஏறியிருந்தது, அது அவருக்கே தெரியாது. கிழிசல் என்று பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்ததால் இறுக்கம் இன்னும் கூடியிருந்தது.

அப்படியானால் ரிப்போர்ட் பொய்யா? இல்லை. 1995இல் அமெரிக்காவில், தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கிழிசல் தெரிந்தது. படத்தில் தெரிகிற கிழிசல்தான் வலிக்குக் காரணமா என்பதை, தோளை அசைத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது.

கைப் பரிசோதனை மட்டுமே போதும் என்று நான் வாதிடவில்லை. தசைநார் உரசுகிறதா என்று பார்க்க, நீர் (Neer), ஹாக்கின்ஸ் (Hawkins) என்ற மருத்துவர்களின் பெயரால் அழைக்கப்படும் கைப் பரிசோதனைகள் இருக்கின்றன. எந்த ஒன்றையும் தனியாக வைத்து முடிவெடுக்கக் கூடாது. வலிப்பு வந்த பிறகோ கரண்ட் அடித்த பிறகோ கை வெளிப்பக்கம் திரும்பவில்லை என்றால், மூட்டு பின்பக்கமாக நழுவியிருக்கலாம். முன்பக்க எக்ஸ்ரேயில் மட்டும் பார்த்தால் இது தப்பிவிடும்; பக்கவாட்டுப் படமும் கட்டாயம் வேண்டும். அதேபோல, தோளை எப்படி அசைத்தாலும் வலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை, ஆனால் படி ஏறினால் இடது தோள் வலித்து வியர்க்கிறது என்று ஒருவர் சொன்னால், அங்கே தோளை நீவிக்கொண்டிருக்கக் கூடாது. உடனே இ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

புறநோயாளிகள் கூட்டத்தில் மருத்துவர்களுக்கு நேரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சிலவற்றைச் செய்யலாம். ஓ.பி. சீட்டில் இரண்டு தோளும் எவ்வளவு உயர்கின்றன, எவ்வளவு வெளியே திரும்புகின்றன என்று எழுத இடம் விடலாம். பெண்கள் கூச்சமில்லாமல் தோளைக் காட்ட ஒரு திரை மறைவும், கூட நிற்க ஒரு செவிலியரும் வேண்டும். இது இல்லாததால்தான் புடவைக்கு மேலேயே தொட்டுப் பார்த்து அனுப்பிவிடுகிறார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையும் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. மாத்திரை கொடுக்கப் போகிறவர்கள், "கையைப் பின்னால் கொண்டுபோய் முதுகைத் தொட முடிகிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, முடியாதவர்களின் பெயரை இயன்முறை சிகிச்சையாளரிடம் கொடுக்கும்படி சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயன்முறை சிகிச்சையாளர்,
கரூர்.