வளாகப் புல்வெளி: ஞாயிறு காலை சந்திப்பு

எல்லோருக்கும் வணக்கம்.

சென்னை ஐஐடி 1959-ல் கிண்டிக் காட்டையொட்டி எழுந்தது. நாம் படித்தபோது வெறும் புல்லாகக் கிடந்த சில இடங்களில் இப்போது கட்டடங்கள் நிற்கின்றன. புள்ளிமான் புதருக்குள்ளும் சமாளித்துக்கொள்ளும். வெளிமானுக்கு (பிளாக்பக்) ஓடத் திறந்த புல்தரை வேண்டும். போன மாதம் முறுக்குக் கொம்போடு ஒன்று சாலையோரத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. மனசு கேட்கவில்லை.

15-ந்தேதி ஞாயிறு, காலை 6 மணி, வளாகத்துக்குள் இருக்கும் கஜேந்திரா சர்க்கிள்.

1. வளாகத்தின் பழைய போட்டோக்களைக் கொண்டுவாருங்கள். அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்து, புல்வெளி எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்ப்போம்.
2. அடையாள அட்டை அவசியம்.
3. பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், மான் தின்றுவிடும்.
4. அப்புறம், மான்களுக்கு எதுவும் ஊட்டாதீர்கள்.

வருபவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் போட்டோவை வருடத்தோடு அனுப்பினால் போதும்.