சனிக்கிழமை: பழைய போட்டோக்களோடு ஓவியக்கூடத்துக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நம் பக்கத்துப் பல்கலைக்கழக ஓவியக்கூடம் மாணவர்களுக்கு மட்டும்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படி இல்லை, யாரும் போகலாம். 1683-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் திறந்தபோதே பொதுமக்களையும் உள்ளே விட்டார்கள்!

இப்போது நம் பகுதியைப் பற்றியே ஒரு கண்காட்சி வைக்கிறார்கள். அதற்கு நம் வீட்டுப் பழைய போட்டோக்கள் வேண்டுமாம்.

நாள்: வரும் சனிக்கிழமை, காலை 10 மணி
இடம்: ஓவியக்கூட வாசல்

1. தெரு, கடை, வீட்டு விசேஷம் எதுவானாலும் கொண்டு வாருங்கள். மங்கியிருந்தாலும் பரவாயில்லை.
2. ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், ஆல்பத்தோடு எடுத்து வாருங்கள். பின்பக்கம் பேனாவால் எழுதவும் வேண்டாம். மை ஊறி முன்பக்கம் தெரியும். படத்தில் இருப்பவர்கள், ஆண்டு எல்லாம் தனித்தாளில்.
3. அங்கேயே ஸ்கேன் செய்து கையோடு தந்துவிடுவார்கள். விட்டுவிட்டு வருவதென்றால் ரசீது கட்டாயம்.
4. காகித ஓவியங்கள் நிறம் வெளுக்காமலிருக்க 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான வெளிச்சமே வைப்பது வழக்கம். அதனால் பெரியவர்களோடு யாராவது கூடவே இருங்கள். ஃபிளாஷ் கூடாது.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கே பதியுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.