எங்கள் வார்டில் நிற்கப்போகிறவருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வேட்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உங்கள் ஆட்கள் சென்னை வேளச்சேரியில் எங்கள் தெருவுக்கு வந்து வீடு வீடாக ஒரு நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போனார்கள். வழவழ தாள், எட்டுப் பக்கம், முழுக்கக் கலர். "நம் வார்டு, நாளைய சிங்கப்பூர்" என்று மேலே போட்டிருந்தது. கொடுக்க வந்த பையன் கேட்டைத் திறந்து உள்ளே காலை வைத்தவன் தடுமாறி விழப் பார்த்தான். மற்ற வீடுகளைப் போலப் படி ஏறும் என்று நினைத்துக் காலைத் தூக்கியிருக்கிறான். எங்கள் வீட்டில் படி இறங்கும். "ஸாரி ஆன்ட்டி, கவனிக்கல" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. கவனிக்க வேண்டியவர் நீங்கள் என்பதால்தான் இந்த மடல்.

2022 பிப்ரவரி 19ஆம் தேதி மாநகராட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டோம். மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஐந்து வருஷக் கணக்கு எப்போது முடியும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. தேர்தல் தேதி வருவதற்கு முன்னாலேயே கிளம்பிவிட்டீர்கள். நல்லதுதான், எங்களுக்கும் கேட்பதற்கு நேரம் கிடைக்கிறது.

எங்கள் வீடு 1987இல் என் மாமனார் கட்டியது. தெருவிலிருந்து மூன்று படி ஏறித்தான் திண்ணைக்கு வரவேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் நடுப்படியில் உட்கார்ந்து தலை காயவைப்பேன். முதல் படி போனபோது யாருக்கும் வருத்தமில்லை, புது ரோடு வந்த சந்தோஷம். ரோடு போடுவது என்றால் இங்கே என்ன என்று உங்களுக்கே தெரியும். பழைய ரோட்டின் தலையிலேயே ஜல்லியும் தாரும் கொட்டி ரோலரை ஓட்டிவிட்டுப் போவது. இரண்டாவது படி போனபோது திண்ணையில் உட்கார்ந்தால் கால் தரையில் பட்டது. மூன்றாவதும் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

பிள்ளைகளின் உயரத்தைக் கதவு நிலையில் பென்சிலால் குறித்து வைப்போமே, அதுபோல என் கணவர் கேட் தூணில் ரோட்டின் உயரத்தை ஆணியால் கீறி வைத்திருக்கிறார். பையன் பதினெட்டு வயதில் வளர்வதை நிறுத்திக்கொண்டான். ரோடு நிறுத்தவில்லை. இதுவரை 26 அங்குலம். வீட்டுத் தரை இப்போது ரோட்டைவிட 5 அங்குலம் கீழே. நான் தையல்காரி, இஞ்ச் டேப் வைத்து அளந்துதான் சொல்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்ததே, அந்த ராத்திரி தண்ணீர் முதலில் வாசல் வழியாக வரவில்லை. குளியலறை ஜல்தாரை வழியாகக் கொப்பளித்துக்கொண்டு வந்தது. துணியைச் சுருட்டி அடைத்தேன். அடைத்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வாசல் வழியாகவும் நுழைந்துவிட்டது. படுத்த படுக்கையாக இருந்த மாமியாரின் கட்டிலுக்குக் கால் ஒன்றுக்கு இரண்டு செங்கல் வைத்தோம். விடிவதற்குள் மூன்றாவது செங்கல் தேவைப்பட்டது. பீக்கோ மிஷின் மோட்டார் போயிற்று. தை மாசக் கல்யாணத்துக்குத் தைக்க வந்திருந்த பதினோரு ரவிக்கைத் துணியில் ஒன்பதில் சாயம் இறங்கிவிட்டது. சம்ப் மூடி தரையோடு தரையாக இருக்கும், தெருச் சாக்கடை அத்தனையும் அதற்குள் இறங்கியது. வடிந்த பிறகு மூன்று தடவை இறைத்துக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டோம். இரண்டு மாசம் அந்தத் தண்ணீரை வாயில் வைக்க முடியவில்லை, கேன் வாங்கித்தான் குடித்தோம்.

வேளச்சேரி ஏரியை ஒட்டிய ஊர், தண்ணீர் வரத்தானே செய்யும் என்று நீங்கள் சொல்லலாம். வரட்டும். வந்தது வடிந்து போக ஒரு காலத்தில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருந்தது. 2022இல் அதை ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்த்து உலகமே பாராட்டியது. அதற்குள் பெரும்பகுதி இடத்தில் குப்பை மேடும் கட்டடங்களும் எழும்பிவிட்டன. அந்தப் பெரிய கதையை உங்களிடம் கேட்டுப் பயனில்லை என்று தெரியும். நான் கேட்பது ஒரு கவுன்சிலரின் கைக்கு எட்டுகிற விஷயம்.

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த அளவுக்கே புது ரோடு போடவேண்டும். அவ்வளவுதான். இன்ஜினியர்கள் மில்லிங் என்கிறார்கள். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு இதைத்தான் உத்தரவாகவே போட்டார். அந்த உத்தரவு கோட்டையிலிருந்து வேளச்சேரிக்கு இன்னும் வந்துகொண்டிருக்கிறது போல. ஆனால் மெட்ரோ வேலை நடக்கும் ஊர், டிராஃபிக்கில் மாட்டியிருக்கும்.

போன வருஷம் எங்கள் தெருவுக்கு ரோடு போட வந்தபோது மிஷின் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி பதினொன்றரைக்கு வந்து, தெருமுனையில் கொஞ்ச தூரம் கோழி கிளறியது போலக் கிளறியது. யாரோ போட்டோ எடுத்தார்கள். மிஷின் போய்விட்டது. மறுநாள் காலையில் வழக்கம்போல மேலேயே கொட்டினார்கள். ஓடிப்போய்க் கேட்டதற்கு மேஸ்திரி, "எங்களுக்குச் சொன்னது இவ்ளோதாம்மா" என்றார். தூணில் இன்னொரு கீறல் விழுந்தது.

எதிர் வீட்டுக்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிவிட்டார். ஆட்கள் வடக்கிலிருந்து வந்திருந்தார்கள். வீட்டைச் சுற்றி வரிசையாக ஜாக்கி வைத்து, ஒருவர் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரு சுற்று திருப்புவார்கள். பார்க்க அதிசயமாகத்தான் இருந்தது. பணம் இருந்தவர் ஏறிக்கொண்டார். அவர் வாசலில் நின்ற தண்ணீரும் இப்போது எங்கள் பக்கம்தான் வருகிறது. வரி கட்டி ரோடு போடச் சொல்லி, அந்த ரோட்டிலிருந்து தப்பிக்க நாங்களே செலவு செய்து வீட்டைத் தூக்கவேண்டும் என்றால், சிங்கப்பூரில் இப்படித்தான் செய்கிறார்களா என்று கொஞ்சம் விசாரித்துச் சொல்லுங்கள்.

உங்கள் நோட்டீஸை இரண்டு தடவை படித்தேன். வார்டு முழுக்க வைஃபை, செல்ஃபி பாயின்ட், தெருமுனையில் நுழைவு வளைவு. ரோடு என்ற சொல் ஒரே இடத்தில் வருகிறது, "உலகத்தரச் சாலைகள்" என்று. எத்தனை அங்குல உலகத்தரம் என்று போடவில்லை. முதல் பக்கத்தில் உங்கள் படம் ரேஷன் கார்டு சைஸில் இருக்கிறது, உங்கள் வீட்டுக்காரர் படம் அரைப் பக்கம். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் கொண்டுவந்தது, கணவருக்கு மாநகராட்சி கவுன்சிலரின் பத்தாயிரம் ரூபாய் மதிப்பூதியத்தை வாங்கிக் கொடுக்க இல்லை அம்மா. அந்த 2016 அக்டோபரில் தொடங்கி 2022 வரை கவுன்சிலர் என்று ஒருவரே இல்லாமல் தனி அதிகாரியை வைத்து ஓட்டினார்கள். அப்போதும் ரோடு உயர்ந்தது. கவுன்சிலர் வந்த பிறகும் உயர்ந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தூணில் தெரியவில்லை.

எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களைப் புண்படுத்த எழுதவில்லை. நீங்கள் வயதில் எனக்குத் தங்கை போல, ஜெயிக்கவும் வாய்ப்பிருக்கிறது. அதனால் பணிவாகவே திரும்பக் கேட்கிறேன்: சுரண்டி எடுத்த அளவுக்கே ரோடு போடவைப்பேன் என்று அந்த எட்டுப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நுழைவு வளைவை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். ஜெயித்த பிறகு, ஏரியா ஜனங்கள் கூடிக் குறை சொல்லும் ஏரியா சபாவைப் பேருக்கு இல்லாமல் நடத்துங்கள். ரோடு போடுவதற்கு முந்தின நாளும் மறுநாளும் தெருவில் நாலு வாசலில் டேப் வைத்து அளந்து, அந்த அளவைச் சபாவில் படியுங்கள். அளவு ஏறியிருந்தால் பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள் என்று அதிகாரிகளிடம் சண்டை போடுங்கள். சாட்சிக்கு நாங்கள் வருகிறோம். டேப் நான் தருகிறேன்.

ஓட்டுக் கேட்க நீங்களே நேரில் வருவதாக அந்தப் பையன் சொன்னான். வாருங்கள், தூணில் இருக்கிற கீறல்களைக் காட்டுகிறேன், காபி குடித்துவிட்டுப் போகலாம். கேட்டைத் திறந்ததும் காலைப் பார்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
தெருக்கோடிக்கு முந்தின வீட்டுத் தையல்காரி