இயற்கைக்கு மாறுகிற வருடங்களின் நஷ்டம் யார் தலையில்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இயற்கை விவசாயத்தையும் ரசாயன விவசாயத்தையும் ஒப்பிட்டு உங்கள் இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். அக்கறையோடு எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒன்று அமுதம், இன்னொன்று விஷம் என்று பிரித்துவிட்டதில், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக நினைக்கிற விவசாயி படுகிற பாடு அதில் வரவே இல்லை. நான் மன்னார்குடிப் பக்கம் நெல் போடுகிறவன். எங்கள் நிலத்தில் ஒரு பகுதியை இயற்கைக்கு மாற்றிவிட்டோம், மீதிக்கு இன்னும் யூரியாதான்.

முதலில் சாப்பாட்டு விஷயம். 2012-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்துவிட்டு, சத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை, பூச்சிமருந்து எச்சம் இயற்கை விளைபொருளில் குறைவு என்றார்கள். 2014-ல் வந்த இன்னொரு தொகுப்பு, இயற்கை விளைபொருளில் உடம்புக்கு நல்லது என்று சொல்கிற ஆன்டிஆக்சிடென்ட் கூடுதல், காட்மியம் என்கிற நச்சு உலோகம் குறைவு என்றது. சத்தைப் பற்றி அவர்கள் பேசி முடிக்கட்டும், மருந்து எச்சம் குறைவு என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்கள், எனக்கு அது போதும். அதைவிட, மூக்கில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு எதிர்க்காற்றில் டேங்கைச் சுமந்து மருந்தடிக்கிற ஆளின் உடம்பை யாராவது எழுதுங்கள். சாப்பிடுகிறவருக்குப் போகிறது எச்சம், மருந்தடிக்கிறவருக்கு மருந்து நேரடியாகவே போகிறது.

அப்புறம் வயல். யூரியா போட்டால் சில நாளில் பயிர் பச்சை கட்டிவிடும், மனசுக்குத் தெம்பாக இருக்கும். அளவு மீறினால் தண்டு இளகிப் புகையான் பூச்சி ஏறும், ஐப்பசி கார்த்திகை மழைக்குச் சாயும். இதெல்லாம் எல்லா விவசாயிக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் போடுகிறோம் என்றால், 45 கிலோ மூட்டை மானியத்தில் 266 ரூபாய் ஐம்பது காசுக்குக் கிடைக்கிறது, ஒரு ஆள் ஒரு காலையில் வீசிவிடலாம். இந்தப் பக்கம் ஒரு ஏக்கருக்கு ஜீவாமிர்தம் என்கிற இயற்கை உரக் கரைசல் என்றால் பத்து கிலோ சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண், 200 லிட்டர் தண்ணீர், இரண்டு நாள் நிழலில் வைத்துக் கலக்கிவிட வேண்டும், அதுவும் ஒரு தடவையோடு முடியாது. மாடு இல்லாத வீட்டில் சாணத்துக்கே அலைய வேண்டும். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கிற பருவத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்கு அவ்வளவு நல்லது, ஆனால் அதற்கு நாற்பது நாற்பத்தைந்து நாள் வேண்டும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறக்காத வருடம், வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர்வதற்குள் சம்பாவுக்கு நாற்றங்கால் விடுகிற நாள் வந்துவிடும், தக்கைப்பூண்டுக்கு நாள் ஏது?

இவ்வளவும் செய்து முதல் இரண்டு மூன்று போகம் கண்டுமுதல், அதாவது அறுத்துக் கிடைக்கிற நெல், குறையத்தான் செய்யும். களை பறிக்கிற கூலியோ ஏறும். விதிப்படி நெல் மாதிரிப் பயிருக்கு இரண்டு வருடம் ரசாயனம் படாமல் இருந்தால்தான் இயற்கை விளைபொருள் என்று சான்றிதழோடு விற்க முடியும். அதுவரை விளைகிற நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எல்லா நெல்லோடும் ஒரே விலைக்குக் கொட்ட வேண்டியதுதான். விவசாயிகளே குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று தருகிற பிஜிஎஸ் முறையில், மாறிக்கொண்டிருக்கிற நிலத்துக்கென்று பிஜிஎஸ்-கிரீன் என்று தனி முத்திரையே இருக்கிறது, எந்தக் கடையில் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்? 2015-ல் தொடங்கிய மத்திய அரசின் பரம்பராகத் என்கிற இயற்கை விவசாயத் திட்டத்தில், குழுவாகச் சேர்ந்தால் விவசாயி கைக்கு ஹெக்டேருக்கு மூன்று வருடத்துக்குச் சேர்த்து 15,000 ரூபாய். ஏக்கர் கணக்கில் மூன்று வருடத்துக்கும் சேர்த்தே சுமார் ஆறாயிரம், வருடத்துக்கு இரண்டாயிரம்தான். களையெடுக்கவே காணாது.

அதற்காக ஒரே நாளில் மாற்றிவிடவும் முடியாது. இலங்கையில் 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள், நெல்லும் தேயிலையும் அடிவாங்கி அந்த நவம்பரிலேயே தடையை விலக்க வேண்டி வந்தது. சிக்கிம் 2003-ல் முடிவெடுத்து 2016-ல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. இத்தனைக்கும் அங்கே முன்பே ரசாயனப் புழக்கம் குறைவு.

வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இயற்கை என்று பாக்கெட்டில் அச்சடித்தால் போதாது, அரசு அங்கீகரித்த இயற்கைச் சான்று முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சிறு விவசாயி நேராக உங்களுக்கு விற்றால் அது கட்டாயமில்லை, அவரிடம் போய் வயலையே பார்க்கலாம். அரிசியில் வண்டு விழுந்துவிட்டது என்று திருப்பி அனுப்புகிறார்கள். கிடங்கில் புகைமருந்து போடாத அரிசியில் வண்டு வரும், வெயிலில் காயவைத்துப் புடைத்தால் போகும்.

உர மூட்டைக்குக் கொடுக்கிற மானியத்தில் ஒரு பங்கையாவது மாறுகிற நிலத்துக்கு அந்த இரண்டு வருடமும் கையில் கொடுங்கள், கொள்முதல் நிலையத்தில் அந்த நெல்லைத் தனியாக எடை போட்டுக் கொஞ்சம் விலை சேர்த்து எடுங்கள். 2023-ல் இயற்கை வேளாண்மைக்கென்று தனிக் கொள்கை வெளியிட்ட தமிழக அரசிடம் இதைத்தான் கேட்கிறோம். அடுத்த இதழில் இதை அதிகாரிகளிடம் கேட்டு எழுதினால் எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு நெல் விவசாயி,
மன்னார்குடி வட்டம், திருவாரூர் மாவட்டம்