படத்தில் சோம்பும் சீரகமும் ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மசாலா அரைக்கும் கடையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, போன ஆண்டுதான் வீட்டோடு இருக்க ஆரம்பித்தேன். பேரன் தொடக்கநிலை இரண்டில் படிக்கிறான். சென்ற மாதம் அவனுடைய தமிழ் வகுப்பில் ‘கடைத்தெரு’ என்ற கருப்பொருளை வைத்து ஒரு வாரம் பாடம் நடத்தினார்கள். ஒரு நாள் வந்து உதவ முடியுமா என்று ஆசிரியை என்னைக் கேட்டார்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், எங்கள் புளோக் மின்தூக்கியில் காதில் விழுந்த பேச்சு. “தமிழ் வகுப்புல சும்மா விளையாடிக்கிட்டு இருக்காங்க. தொடக்கநிலை மூணுல பரீட்சை வரும்போது தெரியும்” என்றார் ஒரு தாய். என் பேரனின் வகுப்புத் தோழியின் அம்மா. நான் எட்டாவது மாடியில் இறங்கிவிட்டேன், பதில் சொல்ல நேரமில்லை. சரி, இங்கே சொல்கிறேன்.

ஆசிரியை முன்கூட்டியே சொல்லிவிட்டார்: நிலக்கடலை வேண்டாம், சில பிள்ளைகளுக்கு ஒவ்வாமை உண்டு, மிளகாயும் வேண்டாம், தொட்ட கையால் கண்ணைக் கசக்குவார்கள். அதனால் கொத்தமல்லி, மிளகு, சீரகம், சோம்பு, வெந்தயம், கிராம்பு, ஏலம், பட்டை, மஞ்சள் கிழங்கு என்று ஒன்பது பொட்டலம் கட்டினேன். கூடவே என் மாமனார் வைத்திருந்த பழைய இரும்புத் தராசும் எடைக்கற்களும். பள்ளி அலுவலகத்தில் பெயர் எழுதி, அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரு கனமான பையோடு மாடி ஏறினேன். மொத்தம் 16 பிள்ளைகள்.

முதலில் வாசனை. கண்ணை மூடச் சொல்லி மூக்கின் அருகே நீட்டினேன். கிராம்பை முகர்ந்த ஒருவன், “இது பல் டாக்டர்!” என்று கத்தினான். வகுப்பே சிரித்தது. ஆனால் அவன் சொன்னது சரிதான், பல் மருந்தில் கிராம்புத் தைலம் சேர்ப்பது உண்டு. சீரகத்தையும் சோம்பையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஏழெட்டுப் பேர் கண்ணைத் திறக்காமலே பிரித்துச் சொன்னார்கள்.

அப்புறம் வியாபாரம். கொத்தமல்லி 50 கிராம் ஒருத்திக்கு, மிளகு 50 கிராம் இன்னொருவனுக்கு. தாளில் கொட்டியதும் மிளகு வாங்கியவன் முகம் சுருங்கிவிட்டது. “பாட்டி ஏமாத்துறாங்க! அவளுக்குத்தான் நிறைய இருக்கு.” கடையில் பெரியவர்களே என்னிடம் இப்படிச் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை, தராசை அவன் கையில் கொடுத்துவிட்டேன். அவன் போட, அவள் எடுக்க, நடுவில் நாலு பேர் முள்ளைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் போடு”, “கொஞ்சம் எடு”, “போதும் போதும்”, “எடை பத்தல” என்று ஒரே கூச்சல். வீட்டில் தமிழே பேசாத பிள்ளை என்று ஆசிரியை எனக்குக் காட்டியிருந்த சிறுமிதான் எல்லாரையும்விடச் சத்தமாக “போதும்” சொன்னாள். குவியல் பெரிதாக இருந்தாலும் எடை ஒன்றுதான் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். முன்பெல்லாம் இங்கே கட்டிக் கணக்கில்தான் நிறுப்போம், ஒரு கட்டி ஏறத்தாழ 600 கிராம் என்றேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. மிளகுச் சண்டை அவ்வளவு சுவாரசியம்.

அங்கே மணி பார்த்தார் ஆசிரியை. பயிற்சித்தாளை முடித்தாக வேண்டுமாம். படத்தையும் பெயரையும் கோடு போட்டு இணைக்கும் தாள். அதில் சீரகமும் சோம்பும் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கோடுகள், எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொன்ன ஒரு பையன் தாளில் மாற்றி இணைத்து இரண்டு தப்பு வாங்கினான். தாளையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான் பாவம். ஆசிரியையைக் குறை சொல்லவில்லை. அந்த வாரத்துக்கு அவர் எவ்வளவு உழைத்தார் என்று எனக்குத் தெரியும்.

என் மகள் கணக்கு ஆசிரியை. நம் பள்ளிகளில் 1980களிலிருந்தே கணக்கை மூன்று படியாகச் சொல்லித்தருகிறார்கள் என்பாள்: முதலில் கையில் பொருள், பிறகு படம், கடைசியில்தான் எண்ணும் குறியும். ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க உளவியலாளரின் கருத்திலிருந்து வந்ததாம். கணக்குக்கு ஒத்துக்கொண்ட வரிசையைத் தமிழுக்கு ஏன் தலைகீழாக வைக்கிறோம்? இங்கே எழுத்து முதலில், படம் இரண்டாவது, பொருள் என்பது நேரம் மிஞ்சினால். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு ‘சீரகம்’ வெறும் நான்கெழுத்து. கையில் தேய்த்து முகர்ந்த பிள்ளைக்கு அப்படியில்லை.

எங்கள் கடை இருக்கும் தேக்கா பக்கம் வரும் பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் பயணங்களையும் கடை வாசலில் நின்று பல வருடம் பார்த்திருக்கிறேன். வரிசையாக வருவார்கள், கையில் அட்டை, அதில் தாள், ‘ஐந்து மசாலாப் பொருள்களின் பெயர்களை எழுதுக’. எங்கள் கடைப் பொட்டலங்களில் பெயர் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். ஒரு பையன் கொத்தமல்லியைப் பார்த்து ‘கெத்தும்பார்’ என்று மலாய்ப் பெயரையே அழகான தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு போனான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்க நேரம் இல்லை, அடுத்தது பூக்கடை.

இன்னொன்றும் உண்டு. பெரிய பேத்தியின் வகுப்பில் இதே போன்ற தலைப்புக்கு மாதிரிக் கடை செய்துவரச் சொன்னார்கள். செய்தது என் மகன். ஞாயிறு இரவு 11 மணிக்குச் சூட்டுப் பசையால் விரலைச் சுட்டுக்கொண்டு செய்தான். பேத்தி அப்போது தூங்கிவிட்டாள். அதற்கு வகுப்பில் பாராட்டு வேறு.

தொடக்கநிலை ஒன்றுக்கும் இரண்டுக்கும் 2019 முதல் தேர்வு இல்லை. பிள்ளைகளுக்கு அப்படிக் கிடைத்த நேரத்தில், இப்படிப்பட்ட நாள்களுக்கு மட்டுமாவது இரண்டு பாடவேளையைச் சேர்த்துக் கொடுக்கலாம். பயிற்சித்தாளை அடுத்த நாளைக்குத் தள்ளலாம். அதற்குள் பிள்ளைகளே நாலு வரி சொல்ல வந்துவிடுவார்கள். பொருளை வீட்டிலிருந்து செய்துகொண்டு வரச் சொல்ல வேண்டாம். பூ கட்டியவர், தைத்தவர், நகை செய்தவர் என்று தாத்தா பாட்டிகள் எத்தனையோ பேர் புளோக்கின் கீழே உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டால் வருவார்கள். மின்தூக்கியில் பேசிய அந்த அம்மாவையும் ஒரு நாள் கூப்பிட வேண்டும்.

தராசு வீட்டில்தான் இருக்கிறது. எந்தப் பள்ளி கேட்டாலும் இரவல் தருகிறேன். ஒரு பக்கத் தட்டு கொஞ்சம் லேசு, அதன் சங்கிலியில் நூலால் ஒரு சின்னக் கடுகுப் பொட்டலம் கட்டிச் சமன் செய்திருக்கிறேன். அதை மட்டும் பிள்ளைகள் அவிழ்த்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு பாட்டி, ஈசூன்