புரோபயாட்டிக் மிட்டாய் வாங்கலாமா?

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். சொத்தைப் பல்லுக்குப் புரோபயாட்டிக் மிட்டாய், அதாவது நன்மை செய்யும் பாக்டீரியா கலந்த மிட்டாய், நல்லது என்று ஒரு வீடியோ பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வாங்கித் தரலாமா என்று பலர் வகுப்பாசிரியர்களிடம் கேட்டிருக்கிறீர்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

மனித வாயில் 700-க்கும் மேற்பட்ட வகை பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவற்றால் தொல்லை இல்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற சில, சர்க்கரையைத் தின்று அமிலத்தை உண்டாக்குகின்றன. பல்லின் மேல் பிஹெச் அளவு (அமிலம் கூடக் கூட இது குறையும்) ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் கடினமான மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் அடுத்த மிட்டாய் வாய்க்குள் போனால்? மறுபடி அமிலம். இப்படியே போனால் அமிலத்தைத் தாங்கும் கிருமிகள் பெருகி, மற்றவை ஒதுங்கிவிடும். அதனால்தான் எவ்வளவு இனிப்பு என்பதோடு, எத்தனை தடவை என்பதையும் பார்க்கச் சொல்கிறேன்.

புரோபயாட்டிக்கை ஒரேயடியாக ஏமாற்று வேலை என்றும் சொல்லிவிட முடியாது. பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 1 முதல் 6 வயது வரையான 594 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. ஒரு பகுதியினருக்கு ஏழு மாதம் லாக்டோபேசிலஸ் என்ற புரோபயாட்டிக் பாக்டீரியா கலந்த பால், மற்றவர்களுக்குச் சாதாரணப் பால். அந்தப் பால் குடித்தவர்களிடம் சொத்தை குறைவாகத் தெரிந்தது. அதிலும் 3, 4 வயதுப் பிள்ளைகளிடம்தான் வித்தியாசம் கூடுதல். ஆனால் நிறுத்திவிட்டால் இந்தப் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் வாயில் தங்குவதில்லை. ஃபுளோரைடு பற்பசைக்கு இருக்கும் அளவு சான்றும் இதற்கு இன்னும் சேரவில்லை. சின்ன பாட்டிலில் வரும் புரோபயாட்டிக் பானம் வாங்குபவர்கள், அதில் சர்க்கரை எவ்வளவு என்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

என்னைக் கேட்டால், அந்தக் காசுக்குக் கொய்யாவும் சுண்டலும் வாங்கலாம்.

இரவுப் பல்துலக்கல்தான் நம் வீடுகளில் விட்டுப்போகிறது. தூங்கும்போது உமிழ்நீர் குறைவாகச் சுரக்கும். பல்லில் ஒட்டிய பிஸ்கட் விடியும்வரை அப்படியே கிடக்கும். 3 முதல் 6 வயதுப் பிள்ளைக்குப் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். ஏழெட்டு வயது வரை நீங்களே தேய்த்துவிடுங்கள், அல்லது பக்கத்தில் நில்லுங்கள்.

இன்னொன்று. ஆறு வயதையொட்டிப் பல்வரிசையின் கடைசியில் ஒரு பெரிய கடைவாய்ப் பல் முளைக்கும். எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பலர் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். அது நிரந்தரப் பல். போனால் வேறு முளைக்காது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பெற்றோர் இன்றே டார்ச் அடித்துப் பாருங்கள்.

திங்கள் முதல் இடைவேளை டப்பாவில் க்ரீம் பிஸ்கட், சாக்லேட், பாக்கெட் ஜூஸ் வேண்டாம். பிறந்தநாளுக்கு மிட்டாய்க்குப் பதிலாகப் பென்சில் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். பல் பரிசோதனைக்கான ஒப்புதல் படிவம் டைரியில் இருக்கிறது. கையெழுத்திட்டு வெள்ளிக்குள் அனுப்புங்கள். பல்வலி இருந்தால் பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்