இரண்டு சீட்டு, ஒரு அப்பத்தா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் அப்பத்தாவுக்கு 79 வயது. கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீட்டில் துணைக்கு ஒரு ஆளோடு இருக்கிறார். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் சென்னையிலும். பேரன் நான் காரைக்குடியில் இருப்பதால் மாத்திரை வாங்கிக் கொடுப்பது என் பாடு. இதயத்துடிப்பு சீராக இல்லை, ரத்தம் கட்டிப் பக்கவாதம் வந்துவிடக்கூடாது என்று மதுரை டாக்டர் வார்ஃபரின் எழுதி மூன்று வருடம் ஆகிறது. அதற்கு ஐ.என்.ஆர். என்று ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஒரு ரத்தப் பரிசோதனை, அப்பத்தாவுக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும், இருந்தது.

போன ஐப்பசியில் வயிற்றுப்போக்கு. உள்ளூர் டாக்டர் மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை எழுதினார். வயிறு சரியாகிவிட்டது, ஆனால் ஐந்தாம் நாள் பல் விளக்கும்போது ஈறில் ரத்தம், எங்கேயும் இடிக்காமலே கையில் நீலத் திட்டு. வயசானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டோம், என் தப்புதான். மறுநாள் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போன பிறகே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஐ.என்.ஆர். 7-ஐத் தாண்டியிருந்தது. வார்ஃபரினை முறிக்கிற வைட்டமின் கே ஊசி போட்டு, நாலு நாள் படுக்கையில் வைத்து அனுப்பினார்கள்.

வார்ஃபரினைக் கல்லீரல் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைத்துக் கழிக்கும். மெட்ரோனிடசோல் அந்த வேலையைத் தடுத்துவிடும், அப்போது வழக்கமான அளவையே சாப்பிட்டாலும் உடம்பில் மருந்து ஏறிக்கொண்டே போகும். (வார்ஃபரின் எலிமருந்தாக வந்து, 1954-ல் மனிதருக்கு அனுமதியான மருந்து. எலி சாவதும் ரத்தம் கசிந்துதான்.) உள்ளூர் டாக்டர் வேறு என்ன மாத்திரை என்று கேட்கத்தான் செய்தார். "வழக்கமா சாப்பிடுறதுதான்" என்று அப்பத்தா சொல்லிவிட்டார், மதுரைச் சீட்டு வீட்டில் பிஸ்கட் டப்பாவில் கிடந்தது.

என் கோபமெல்லாம் மெடிக்கல் மேல்தான். இரண்டு மாத்திரையையும் ஒரே கடையில், ஒரே பில்லில் வாங்கினேன். சீட்டுக்கு மருந்து கொடுக்க வேண்டியவர் பதிவு பெற்ற மருந்தாளுநர் என்று 1948-லேயே சட்டம் இருக்கிறது. அங்கே அவருடைய சான்றிதழ் சுவரில் தொங்கியது, எடுத்துக் கொடுத்தது ப்ளஸ் டூ முடித்த பையன்.

வார்ஃபரினோடு மூட்டுவலிக்கு டைக்லோஃபெனாக் போட்டாலும் ரத்தக்கசிவு அபாயம் உண்டு, அதை நம் ஊரில் சீட்டே இல்லாமல் கேட்டு வாங்குகிறோம். சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறவர்களுக்கு கோ-ட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். இதைப் படித்துவிட்டு யாரும் வார்ஃபரினைத் தானாக நிறுத்திவிட வேண்டாம், அது இதைவிடப் பெரிய ஆபத்து, டாக்டரிடம் கேளுங்கள். வைட்டமின் கே இருக்கிற முருங்கைக்கீரையைக்கூட திடீரென்று கூட்டாமல் குறைக்காமல் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்கிறார்கள்.

மருந்து ஆய்வாளர்கள் மெடிக்கல்களுக்கு வரும்போது சான்றிதழை மட்டும் பார்க்காமல் கல்லாவில் நிற்பது யார் என்றும் பார்க்க வேண்டும், இதைத் தங்கள் நிருபர்கள் விசாரித்து எழுதினால் நல்லது. மருந்தால் கோளாறு வந்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம், இதையும் போடுங்கள்.

இப்போது எந்த டாக்டரிடம் போனாலும் பிஸ்கட் டப்பாவையே தூக்கிக்கொண்டு போகிறோம். கடையையும் மாற்றிவிட்டேன். புதுக் கடைக்காரர் அத்தனை அட்டைகளையும் பரப்பி வைத்து ஒவ்வொன்றாகக் கேட்கிறார். "மாத்திரை வாங்க வந்தமா, பொண்ணு பாக்க வந்தமா, இம்புட்டு விசாரிக்கிறான்" என்று அப்பத்தாவுக்குத்தான் எரிச்சல்.

இப்படிக்கு,
வாசகன், காரைக்குடி